கொசு மருந்துக்கு யாரைக் கேட்பது? (உள்ளாட்சியும் பொது சுகாதாரமும் – ஒரு சிறு வரலாறு)

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்துவிட்டேன் என்று வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான். அதனால் இந்த முறை கொஞ்சம் வரலாறு. பயப்பட வேண்டாம், ராஜா ராணி கதை இல்லை. கொசு, சாக்கடை, தடுப்பூசி, கவுன்சிலர்... இவற்றின் வரலாறு.

முதலில் ஒரு சொந்தக் கதை. 2017 அக்டோபர். நான் எட்டாம் வகுப்பு. தமிழ்நாடு முழுவதும் டெங்கு பரவிய வருடம் அது. எங்கள் வீடு சென்னையின் மேற்குப் புறநகரில் இருக்கிறது, ஊர்ப் பெயர் வேண்டாமே. எங்கள் தெருவில் மட்டும் நான்கு வீடுகளில் காய்ச்சல். என் தங்கைக்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தெருக் கோடியில் ஒரு காலி மனை, அதில் மழைத் தண்ணீர், பழைய டயர்கள். கொசு அங்கேதான் பெருகுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு, எப்போதும் போல கவுன்சிலர் வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அவர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "ஐயா, நான் இப்ப கவுன்சிலர் இல்லீங்க. போன வருஷமே பதவி முடிஞ்சு போச்சு. ஆபீஸ்ல போய்ச் சொல்லிப் பாருங்க."

ஆபீசில் ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். எழுதினோம். ஒன்பதாம் நாள் புகை மருந்து வண்டி வந்தது. தங்கை பிழைத்துக்கொண்டாள். அந்த அலுவலர்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஊர் முழுக்கக் காய்ச்சல் என்றால் அவர்களும்தான் என்ன செய்வார்கள்? ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் தாத்தா சொன்னது மட்டும் இன்றும் காதில் இருக்கிறது. "திட்டறதுக்குக் கூட ஒரு ஆள் இல்லாமப் போச்சேடா."

பி.காம். சேர்ந்து தணிக்கைப் பாடம் படிக்கும்போதுதான் அந்த வாக்கியத்தின் அர்த்தம் புரிந்தது. ஒரு கம்பெனியில் பங்குதாரர்கள் பணம் போடுகிறார்கள். இயக்குநர்கள் நடத்துகிறார்கள். தணிக்கையாளர் கணக்கைச் சரி பார்க்கிறார். இவை எல்லாவற்றுக்கும் மேல் வருடத்துக்கு ஒரு முறை பொதுக்குழு கூடுகிறது. நூறு பங்கு வைத்திருப்பவர் கூட அங்கே எழுந்து நின்று "இந்தச் செலவு ஏன்?" என்று கேட்கலாம். இயக்குநர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம் ஊர் சுகாதாரத்துக்கு அந்தப் பொதுக்குழு எது? நகர்மன்றம்தான். அது எப்படி வந்தது, எப்படிக் காணாமல் போனது என்று பார்ப்போம்.

பட்டாளத்துக்காக வந்த சுகாதாரம்

வெள்ளைக்காரன் நம் மேல் உள்ள அக்கறையில் சுகாதாரத் துறையைத் தொடங்கவில்லை. 1857 கலகத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு கணக்கு உதைத்தது. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சண்டையில் அல்ல, நோயில். 1859இல் ஒரு அரச ஆணையம் போட்டார்கள். அது 1863இல் அறிக்கை கொடுத்தது. அதன் பின்னால் நின்று புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். "விளக்கேந்திய மங்கை" என்று பள்ளியில் படித்தோமே, அவரேதான். இந்தியாவுக்கு ஒரு முறை கூட வராமல் இந்தியச் சாக்கடைகளைப் பற்றி அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார்!

அந்த அறிக்கையின் விளைவாக 1864இல் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் அமைந்தது. நம் பூந்தமல்லிக்கும் அந்தப் பட்டாளக் காலத்தில் ஒரு பங்கு உண்டு. அப்போது அது ஒரு ராணுவ ஊர், ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்கும் இடம். படைமுகாம் சுத்தமாக இருந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆனால் காலராவுக்கு முகாமின் வேலி தெரியாது. சிப்பாயைக் காப்பாற்ற வேண்டுமானால் பக்கத்து ஊரின் கிணற்றையும் பார்க்க வேண்டும். அப்படித்தான் சுகாதாரம் முகாமை விட்டு ஊருக்குள் வந்தது.

ரிப்பன் எங்கள் அப்பன்

ஊரைச் சுத்தம் செய்யப் பணம் வேண்டும். பணம் வேண்டுமானால் வரி போட வேண்டும். வரி கொடுப்பவன் கேள்வி கேட்பான். இந்தச் சங்கிலியை வைஸ்ராய் ரிப்பன் பிரபு புரிந்துகொண்டார். 1882 மே மாதம் அவர் வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளாட்சி வந்தால் உடனே நிர்வாகம் பிரமாதமாகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்கும், அதற்காகவே முதலில் அது வேண்டும் என்றார். அவர் மேல் நம் மக்களுக்கு இருந்த பிரியத்தில்தான் "ரிப்பன் எங்கள் அப்பன்" என்ற பேச்சே வந்தது. 1913இல் திறக்கப்பட்ட மாநகராட்சிக் கட்டடத்துக்கும் அவர் பெயர்தான்.

1884இல் சென்னை மாகாணத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகராட்சிகளுக்கு, மற்றொன்று கிராமப்புறத்துக்கான ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளுக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு ஜில்லா. சாலை, மருந்தகம், அம்மை குத்துதல், துப்புரவு என்று பல வேலைகள் இந்த போர்டுகளின் தலையில் வந்தன. ஆரம்பத்தில் ஜில்லா போர்டுக்கு கலெக்டரே தலைவர். ஓட்டுரிமையும் வரி கட்டுகிற சிலருக்குத்தான். ஆனாலும் "இந்த மருந்தகத்தில் ஏன் மருந்து இல்லை?" என்று கேட்க, சட்டப்படி ஒரு மேசையும் சில நாற்காலிகளும் வந்துவிட்டன.

டாக்டர் யாருடைய ஆள்?

1919 சீர்திருத்தத்தில் இரட்டை ஆட்சி வந்தது. சுகாதாரமும் உள்ளாட்சியும் இந்திய அமைச்சர்களின் கைக்கு மாறின. நீதிக்கட்சி ஆட்சி, பனகல் அரசர் காலம். 1920இல் புதிய உள்ளாட்சிச் சட்டங்கள் வந்தன, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் கூடினார்கள். அங்கேதான் சிக்கலும் ஆரம்பித்தது.

யோசித்துப் பாருங்கள். சுகாதார அலுவலர் ஒரு அரிசி மண்டியை அசுத்தம் என்று மூடச் சொல்கிறார். மண்டிக்காரர் போர்டு உறுப்பினருக்கு மச்சான். அலுவலரின் சம்பளமும் வேலையும் போர்டின் கையில். என்ன நடக்கும்? அடுத்த மாதம் அலுவலர்தான் ஊரை விட்டுப் போவார். தணிக்கைப் பாடத்தில் இதைத்தான் 'சுதந்திரம் இல்லாத தணிக்கையாளர்' என்கிறோம். யாரைச் சோதிக்க வேண்டுமோ அவரிடமே சம்பளம் வாங்கினால் சோதனை எப்படி நடக்கும்?

இதற்கு மாகாண அரசு கண்டுபிடித்த வழி: 1920களில் மருத்துவத் துறையிலிருந்து தனியாக ஒரு பொது சுகாதாரத் துறையை உருவாக்கியது. மாவட்டந்தோறும் சுகாதார அலுவலர்களை அமர்த்தியது. நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பது ஒரு துறை, நோய் வராமல் பார்ப்பது இன்னொரு துறை. பல மாநிலங்களில் இந்தப் பிரிவு பிற்பாடு அழிந்தது. தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது.

1930களில் நம் பூந்தமல்லிக்கு ஒரு முக்கியமான விஷயம் வந்தது. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை உதவியுடன் ஒரு சுகாதார மாதிரிப் பகுதி. இந்தியாவில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அப்படி இருந்தன. வங்காளத்தில் சிங்கூர், டெல்லி அருகே நஜஃப்கர், திருவிதாங்கூரில் நெய்யாற்றின்கரை, மைசூரில் மாண்டியா, சென்னை மாகாணத்தில் பூந்தமல்லி. ஒரு சிறிய பகுதியை எடுத்துக்கொண்டு, டாக்டர், சுகாதார ஆய்வாளர், மருத்துவச்சி எல்லோரையும் ஒரு குழுவாக வைத்து, பிரசவம் முதல் கழிப்பிடம் வரை முறையாகக் கவனித்தால் என்ன ஆகும் என்று செய்து காட்டுவதுதான் நோக்கம். இன்றும் பூந்தமல்லியில் பொது சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. நம்மில் பலர் பஸ்ஸில் அதைக் கடந்து போயிருப்போம், எட்டிப் பார்த்திருக்க மாட்டோம்.

1939: ஒரு நல்ல ஒப்பந்தம்

இந்தக் கதையின் நடுநாயகம் 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம். ராஜாஜி பிரதமராக இருந்த காலம் (அப்போது மாகாண முதல்வரை அப்படித்தான் சொல்வார்கள்). சுகாதார அமைச்சர் ஸ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அன்று இந்தியாவில் வேறு எங்கும் இப்படி ஒரு முழுமையான சட்டம் கிடையாது.

குடிநீர், சாக்கடை, கழிப்பிடம், தொற்றுநோய் அறிவிப்பு, தாய் சேய் நலம், கொசு ஒழிப்பு, உணவு, தங்கும் விடுதி, திருவிழாக் கூட்டம்... எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. பொறுப்பை உள்ளாட்சியிடம் கொடுத்தது. உள்ளாட்சியின் வருமானத்தில் ஒரு பங்கைச் சுகாதாரத்துக்கு ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது. அதே சமயம் பொது சுகாதார இயக்குநர் இன்னின்ன நடவடிக்கை எடு என்று உள்ளாட்சிக்குச் சொல்லலாம். பணம் இல்லை, முடியாது என்று உள்ளாட்சி சொன்னால் விஷயம் அரசுக்குப் போகும், அரசின் முடிவே இறுதி.

அதாவது இரண்டு பக்கமும் கடிவாளம். அலுவலருக்கு உள்ளூர் மச்சான்களிடமிருந்து பாதுகாப்பு. மக்களுக்கு, பணம் கொடுத்துக் கேள்வி கேட்க ஒரு மன்றம். நிபுணரும் வேண்டும், நாற்காலியில் நம் ஆளும் வேண்டும் என்பதுதான் அந்த ஒப்பந்தம்.

ஒரு பக்கம் வளர்ந்தது, ஒரு பக்கம் தேய்ந்தது

1943இல் சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. நம்மூர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர். 1946இல் வந்த அறிக்கைதான் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மூலம். உடனடித் திட்டமாக 40,000 பேருக்கு ஒரு நிலையம் என்றது. உள்ளாட்சிகளின் சுகாதார நிர்வாகம் பலவீனமாக இருக்கிறது, மாகாண அரசின் பிடி அதிகமாக வேண்டும் என்பது அதன் கருத்து. ஆனால் அதே அறிக்கை ஒவ்வொரு கிராமத்திலும் ஊர்மக்களைக் கொண்ட சுகாதாரக் குழு வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாம் பாதி 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வரும் வரை ஏறக்குறைய தூங்கியது.

1958 பஞ்சாயத்துச் சட்டத்தின் பின் ஜில்லா போர்டுகள் மறைந்து, பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. யூனியன் மருந்தகம், யூனியன் பிரசவ விடுதி என்று பாட்டிமார் இன்றும் சொல்வது அந்தக் காலத்து நினைவுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மருத்துவப் பணி மாநிலத் துறையின் கீழ் போய்ச் சேர்ந்தது.

இதனால் நஷ்டமா? இல்லை. நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குழந்தை இறப்பு இந்தியாவில் ஆயிரத்துக்கு 28, தமிழ்நாட்டில் 13. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் பெரிய கொள்ளைநோய் வராமல் தடுத்ததும் இந்தத் துறைதான். நிபுணர்கள் பக்கம் நன்றாகவே வளர்ந்தது.

மன்றத்தின் பக்கம் என்ன ஆனது? சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த மன்றம் 1996இல். 23 வருடம்! மற்ற நகராட்சிகளுக்கு 1986இல் ஒரு தேர்தல், அதற்கடுத்தது 1996இல். அதுவும் அரசியல் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் வந்த பிறகு. அந்தத் திருத்தங்களின் அட்டவணையில் ஊராட்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், நகராட்சிக்குப் பொது சுகாதாரமும் எழுதியே இருக்கின்றன. அதன்பின் 2001, 2006, 2011 என்று ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்து 7ஆம் மண்டலம் ஆனது.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் உயர்நீதிமன்றத்தில் ரத்தானது. மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். தாத்தாவும் நானும் அந்த வாசலில் போய் நின்றது அதற்கு ஒரு வருடம் கழித்து. வழக்கு, வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு என்று இழுத்து, நகர்ப்புறத்துக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ஆம் தேதி. நடுவில் 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனது. மாநகராட்சி உண்டு, மேயர் இல்லை!

மன்றம் இல்லாத ஊரில் கொரோனா

இந்த ஐந்தரை வருட இடைவெளியில்தான் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் அரசு கையில் எடுத்தது 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை. செப்டம்பரில், முகக்கவசம் போடாதவர்களுக்கு அபராதம் விதிப்பதற்காக 1939ஆம் ஆண்டுச் சட்டத்தையும் திருத்தினார்கள். 80 வயதுச் சட்டம் வேலை செய்தது. அதன் ஒரு பாதி மட்டும்.

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியது. காய்கறிச் சந்தையைத் தற்காலிகமாகத் திருமழிசைக்கு மாற்றினார்கள். பூந்தமல்லியைத் தாண்டியதும் வரும் பேரூராட்சி அது. சென்னை மாநகருக்கே காய்கறி வரும் லாரிகளும் சுமை தூக்குபவர்களும் ஒரு சிறிய ஊரின் பக்கத்தில். அந்த முடிவு சரியானதாகவே இருக்கலாம், சென்னைக்குச் சோறு வேண்டுமே. ஆனால் "எங்கள் ஊருக்கு என்ன பாதுகாப்பு? கழிப்பிடம் எங்கே? பரிசோதனை யாருக்கு?" என்று ஊர் சார்பில் எழுந்து நின்று கேட்க அந்தப் பேரூராட்சியில் ஒரு உறுப்பினர் கூட இல்லை. பக்கத்துக் கிராமங்களில் நிலைமை வேறு. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்திருந்ததால் அங்கே தலைவர்கள் இருந்தார்கள். சாலைக்கு இந்தப் பக்கம் கேட்க ஆள் உண்டு, அந்தப் பக்கம் இல்லை. நகரத்தில் தினமும் தெருவில் இறங்கி வேலை செய்த தூய்மைப் பணியாளர்களின் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் வாதாடக்கூட வார்டில் ஒரு பிரதிநிதி இல்லை.

மன்றம் இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு இங்கிலாந்தின் கதையைப் பார்க்கலாம், நம் சட்டங்களின் தாய்வீடு அதுதானே. 1847இல் லிவர்பூல் நகரம் டாக்டர் டங்கனைத் தன் சுகாதார அலுவலராக அமர்த்தியது. அந்த நாட்டிலேயே முதல் ஆள். அதன்பின் நூறு வருடத்துக்கும் மேல் அவர்கள் நகர்மன்ற அலுவலர்கள்தான். 1974இல் அவர்களை மன்றத்திலிருந்து எடுத்து தேசிய சுகாதாரச் சேவைக்குள் கொண்டுபோனார்கள். பிறகு மக்களுக்குப் பதில் சொல்வது யார் என்ற கேள்வி வந்தது. 2001இல் ஒரு சட்டம் போட்டு, மருத்துவமனை நிர்வாகத்தை அழைத்துக் கேள்வி கேட்கும் உரிமையை உள்ளாட்சி மன்றக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். 2013இல் பொது சுகாதாரப் பொறுப்பே மீண்டும் மன்றத்துக்குத் திரும்பியது.

அதே 2013இல் ஸ்டாஃபோர்டு மருத்துவமனை விவகாரம் குறித்த விசாரணை அறிக்கை வந்தது. நோயாளிகள் கவனிப்பின்றிக் கிடந்து பலர் துன்பப்பட்ட இடம் அது. மன்றக் குழுக்களுக்கு அழைத்துக் கேட்கும் உரிமை இருந்தது, ஆனால் உருப்படியாகக் கேட்கவில்லை என்று அந்த அறிக்கை சாடியது. பொதுக்குழுவுக்கு வந்து, காபி குடித்து, கை தட்டிவிட்டுப் போகும் பங்குதாரர்கள் மாதிரி!

பக்கத்தில் கேரளா 1990களின் நடுவிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களை ஊராட்சிகளிடம் கொடுத்துவிட்டது. கொரோனாவின்போது வார்டு அளவில் குழுக்கள் இயங்கின. நாம் நிபுணரை வளர்த்தோம், அவர்கள் மன்றத்தை வளர்த்தார்கள். இரண்டில் எது சரி என்பதல்ல என் கேள்வி. 1939 சட்டம் இரண்டையும் சேர்த்துத்தானே கேட்டது?

பணமும் உள்ளாட்சிப் பெயரில்தான் வந்தது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 2023 ஜூனில் 500 ஒரே நாளில் திறக்கப்பட்டன. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் ஆரம்பித்தன. நல்ல விஷயம்தான். ஆனால் 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளில் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தல் நடக்கவில்லை, மறுபடியும் தனி அலுவலர்களே வந்தார்கள். எங்கேயோ பார்த்த காட்சி போல இல்லை?

முடிவாக...

2022 தேர்தலில் ஒரு வேட்பாளர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒன்றுதான் கேட்டார். "ஜெயிச்சா உங்க வீட்ல வந்து திட்டலாமா?" வேட்பாளர் சிரித்துவிட்டு, "தாராளமா வாங்க ஐயா" என்றார். தாத்தா அவருக்கு ஓட்டுப் போட்டாரா என்று கடைசி வரை சொல்லவில்லை. அடுத்த வருடம் காலமாகிவிட்டார்.

போன பகுதி சபைக் கூட்டத்துக்கு நான் போனேன். இருபது பேர் கூட இல்லை. எழுந்து, "இந்த வருடம் கொசு ஒழிப்புக்கு நம் வார்டில் எவ்வளவு செலவானது, எத்தனை முறை மருந்து அடித்தார்கள்?" என்று கேட்டேன். முழு விவரம் உடனே கிடைக்கவில்லை. ஆனால் என் கேள்வியைக் கூட்டப் பதிவேட்டில் எழுதினார்கள், அடுத்த கூட்டத்தில் பதில் சொல்வதாகச் சொன்னார்கள். 2017இல் தாத்தா எழுதியதும் ஒரு நோட்டில்தான். ஆனால் அந்த நோட்டைப் படித்து யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதிவேடு அப்படி இல்லை.

அடுத்த கூட்டத்துக்கும் போவேன். உங்கள் வார்டில் எப்போது கூட்டம் என்று விசாரித்து வையுங்கள். அது எப்போது கூடுகிறது என்றே உங்களுக்குத் தெரியாவிட்டால், முதல் கேள்வியாக அதையே கேளுங்கள்!

அடுத்த முறை சந்திப்போம். தேர்வு முடிந்தால்...